மீந்துபோன பங்கு

என் அன்பு மகன் சியாத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே கடல் நடுவில் நீயும் கை கால் முழுசாக, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவருக்கும் காது வலித்திருக்கும். நீ கேப் டவுனில் கரையேறியபோது போட்ட கடிதம் பீச் பழம் எல்லாம் இறக்கி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட எழுத்து எனக்கு ஓடாது என்று உனக்குத் தெரியும், கோயிலில் பைபிள் வாசிக்கக் கற்ற எழுத்திலேயே எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தாலும் பொறுமையாகக் கடைசிவரை படி, பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே. முக்கியமான சங்கதி பின்னால் வருகிறது. முந்தியதைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இந்த வருஷப் புயல் நம் பாலத்துக்குக் கீழே ரோட்டை வாரிக்கொண்டு போய்விட்டது, ஒரு மாதம் பஸ் வரவில்லை, பழத்தை முதுகில் சுமந்துதான் கீழே இறக்கினோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. மருந்துக்கடைக்குப் போங்கள் என்றால் மழை நின்றால் சரியாகிவிடும் என்கிறார், மழை எப்போது இந்த மலையில் நின்றது. உன் கறுப்பு நாய் போன குளிரில் செத்துப்போயிற்று, அதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், மனசு வரவில்லை. பள்ளத்தில் அந்தப் பெரிய பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். மற்றபடி வீடு நீ விட்டபடியே இருக்கிறது. வானொலியில் மீன்பிடிக் கப்பல்களுக்குக் காற்று மழை சொல்வார்களே, அதை நான் தினமும் கேட்கிறேன். உன் கடல் இந்த வானொலியில் வராது, வேறு உலகத்தில் இருக்கிறது என்று அப்பா கேலி செய்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். அலை எத்தனை உயரம் என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை, ஆனாலும் அலை குறைவு என்று சொன்ன நாளில் நன்றாகத் தூக்கம் வருகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, மகனே. சாப்பிடும்போதும் இருக்கிறது, களை பறிக்கும்போதும் இருக்கிறது. உன் குரல்கூட இப்போது எனக்குச் சரியாக நினைவு வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

அப்படி இருக்கும்போது நீ எழுதுகிறாய், இந்த ஒப்பந்தம் மாசி மாதம் முடிகிறது, இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறேன், ஊருக்கு வந்து யார் முகத்தைப் பார்ப்பது என்று. அதைப் படித்த அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. அப்பா பச்சை வள்ளிக்கிழங்கைக் கடித்துவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு தடவை கையெழுத்துப் போட்டாய், நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம் உன் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வருவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று தவிக்கிறேன்.

நடந்ததை ஒரு தடவையாவது எழுதியே தீர வேண்டும். இந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, மூடி மூடி வைத்ததில் அது ஊறிப் பெரிதாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை இருட்டில் நீ தனியாகத் துப்பாக்கியோடு போனாய். ஓடைக்கரைப் புதரில் அசைந்ததை மான் என்று நினைத்துச் சுட்டாய். அது யூகான். உன்னோடு ஒன்றாகப் பாடியவன், பீசுய்யின் புருஷன். நீ பயந்து ஓடி வந்துவிட்டாய். மறுநாள் காலை ஆராதனையில் பாடகர் வரிசையில் நின்றாய், உன் பக்கத்தில் யூகான் நிற்கிற இடம் காலியாக இருந்தது, நீ பாடினாய். என் பிள்ளைக்கு ஏன் இன்று குரல் இப்படி நடுங்குகிறது, சளி பிடித்திருக்கிறதோ என்று நான் பின்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் தேடிப் போய்க் கண்டபோது மதியம் தாண்டிவிட்டது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது, அதுவரை உயிரோடு கிடந்திருக்கிறான். அன்று சாயங்காலம் நீயே போய் மூப்பர் பதூ வீட்டு வாசலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாய். சுட்டதை ஊர் பொறுத்திருக்கும். கண் தவறுவது எந்த வேட்டைக்காரனுக்கும் நடக்கும், நம் பாட்டன்மார் காலத்திலும் நடந்திருக்கிறது. ஓடி வந்ததையும், அவன் அங்கே கிடக்கும்போது இங்கே நின்று பாடியதையும்தான் ஊர் விழுங்கவில்லை. நானும் விழுங்கவில்லை. ஆனால் நான் பெற்றவள், துப்பவும் முடியாது.

நீ தண்டனை முடிந்து சிறையிலிருந்து வெளியே வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் பக்கத்து ஊரில் முடி வெட்டிக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றார். உன்னை முந்தின நாளே விட்டுவிட்டார்கள் என்று காவல்காரன் சொன்னான். நீ துறைமுகத்துக்கு ரயில் ஏறிவிட்டாய். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, முடியைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

நீ போன பிறகு நாங்கள் எப்படி இருந்தோம் என்று நான் எழுதியதில்லை. நம் முறை உனக்குத் தெரியும். குற்றம் செய்த வீடு பன்றி கொண்டு போக வேண்டும், பட்ட வீடு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், ரத்தம் மண்ணில் விழ வேண்டும், இரண்டு வீடும் உட்கார்ந்து அந்தக் கறியைச் சாப்பிட வேண்டும், அதோடு தீர்ந்தது. ஏற்றுக்கொள்ளாதவரை குற்றம் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும், அந்த வீட்டோடு கறி பங்கிட்டால் பங்கிட்டவனுக்கும் ஒட்டும். உன் அப்பா வருஷா வருஷம் ஒரு பன்றி வளர்த்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தி அதைக் கயிறு கட்டிப் பீசுய் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். அது போகிற வழியெல்லாம் ஊரைக் கூட்டிக் கத்தும், எல்லா வீட்டுச் சன்னலும் திறக்கும். யூகானின் தம்பி படலைச் சாத்துவான். திரும்பி மேடேறும்போது மட்டும் அந்தப் பன்றி சத்தமே இல்லாமல் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடும், அப்பா பின்னால் நொண்டிக்கொண்டு வருவார். பிறகு அதைச் சமவெளி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஒரு குட்டி வாங்குவார். நீ முதல் கப்பலிலிருந்து பீசுய்க்கு அனுப்பிய கம்பளியும் கட்டுப் பிரிக்காமலே நம் வாசலுக்கு வந்தது. அதை நான் இன்னும் போர்த்திக்கொள்ளவில்லை, பெட்டியில் இருக்கிறது.

கோயிலுக்குப் போவதை நாங்கள் விடவில்லை. கடைசி பெஞ்சு நம்முடையது, பக்கத்தில் யாரும் உட்காராததால் காலை நீட்டிக்கொள்ள வசதி. திருவிருந்து நாளில் தட்டு எங்களுக்கும் வரும். கர்த்தருடைய அப்பத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு, கோயில் முற்றத்துக் கறியில்தான் கிடையாது. கல்யாணம், பெயர் வைப்பு, புது வீடு என்று யார் பன்றி வெட்டினாலும் பதூ ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிடுவார், நம் வீட்டுப் பெயர் வரும் இடத்தில் ஒரு மூச்சு விட்டு அடுத்த பெயருக்குப் போவார். போதகர் நல்ல மனுஷன்தான், வருஷத்துக்கு ஒரு தடவை, மரத்தில் ஏறிப் பார்த்த வரி வசூலிக்கிறவனுடைய வீட்டுக்கு இயேசு விருந்துக்குப் போன கதையைக் கண்ணீர் வரப் பிரசங்கம் செய்வார். எல்லோரும் அழுவோம். அழுது முடித்ததும் அவர்கள் சாப்பிட முற்றத்துக்குப் போவார்கள், நாங்கள் மேட்டுக்கு ஏறி வருவோம். எனக்குக் கறிமேல் ஆசை இல்லை, சியாத். பெயரைக் கூப்பிட ஆள் இல்லையே என்பதுதான்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். போன சனிக்கிழமை யூகான் மகள் இவாலுக்குக் கல்யாணம். நீ போகும்போது அவள் பல் விழுந்த சின்னப் பெண், இப்போது என்னைவிட உயரம். மாப்பிள்ளை ஆற்றுக்கு அப்பால் மலையைத் தாண்டி இருக்கிற ஊர். மாப்பிள்ளை வீட்டார் பெண் ஊருக்குப் பன்றிகள் கொண்டு வந்து வெட்டி, வீட்டுக்கு ஒரு பங்கு கொடுத்தார்கள். நமக்கு அழைப்பு இல்லை. ஆனால் நம் பீச் தோட்டம் கோயில் முற்றத்துக்கு நேர் மேலே இருப்பதை யார் என்ன செய்ய முடியும். கிளை கழிக்கிற சாக்கில் நான் அரிவாளோடு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, அந்த மரத்துக்குப் போன வாரமே கழித்தாயிற்றே என்றார். இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும் என்றேன்.

தார்ப்பாய் விரித்துப் பங்கு வைத்தார்கள். விலா கொஞ்சம், ஈரல் கொஞ்சம், குடல் கொஞ்சம், தோலோடு கொழுப்பு என்று எல்லாப் பையிலும் எல்லாம் சமமாக. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பைகள் வரிசையாக இருந்தன, மேலேயிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. பதூ பெயர் கூப்பிட்டார், ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசிப் பெயரும் கூப்பிட்டாயிற்று. தார்ப்பாயில் ஒரு பை மீந்து கிடந்தது. மாப்பிள்ளையின் மாமன், பெரிய வயிறுக்காரர், குழம்பிப்போனார். “எப்புடி மிஞ்சும்? எதுத்த மலையில நின்னு பொக வர்ற கூரையெல்லாம் நானே எண்ணுனேன். அந்த மேட்டுக் கூரையோட சேத்துத்தான் வெட்டுனோம்” என்று நம் வீட்டைக் கையை நீட்டிக் காட்டினார். பாவம், அவருக்கு எங்கள் சங்கதி என்ன தெரியும். என் அடுப்புப் புகையும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது.

கல்யாணப் பங்கு உனக்குத் தெரியும், வைத்துவிட்டால் வைத்ததுதான். மறுபடி சட்டியில் போடக்கூடாது, ஒரு வீடு இரண்டு பங்கு எடுக்கக்கூடாது, நாய்க்குப் போடக்கூடாது, ஆற்றைத் தாண்டித் திருப்பிக்கொண்டு போனால் பெண்ணுக்கு ஆகாது. போதகருக்குக் கொடுத்துவிடலாமே என்று யாரோ சொன்னார்கள், போதகர் ஏற்கெனவே வாங்கிய பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். யூகானின் தம்பி, புதைச்சுருவோம் என்றான். கல்யாணக் கறியைப் புதைப்பதா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அந்தப் பையை யாரும் பார்க்காமல் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் நான் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டேன், என்னால்தான் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் இந்தச் சங்கடம் என்று.

அப்போது பீசுய் சமையல் கொட்டகையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்ன, எளவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?” என்றாள். அவள் பையைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் மாமன் நீட்டின கையைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து நேராக என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ரோட்டில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துப் போனவள். நான் கண்ணை எடுக்க நினைத்தேன், எடுக்க முடியவில்லை. பிறகு குனிந்து அந்தப் பையை எடுத்தாள்.

பதூ குறுக்கே வந்து நின்றார். “பீசுய், மொறன்னு ஒண்ணு இருக்கு. குத்தம் பண்ணுனவன் வந்து வாயால சொல்லணும், அவன் பன்னி ரத்தம் சிந்தணும், அப்பறந்தான் சோறு. தலகீழாப் பண்ணாத தாயி, மகளுக்குக் கல்யாணம் நடக்குற நாளு” என்றார். அவர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே பயந்துதான் சொன்னார். பீசுய் பையைக் கீழே வைக்கவில்லை. “பதூ அண்ணே, போன வாரம் ஆராதனையில எந்திரிச்சு நின்னு ஜெபம் பண்ணுனது நீங்கதான? இயேசுவே, நாங்க பாவியா இருக்கையிலேயே எங்களுக்காகச் செத்தீரேன்னு அரமணி நேரம் பண்ணுனீங்க, என் வீட்ல அடுப்புல வச்ச சோறு கருகிப்போச்சு. அப்ப யாரு வாயால சொன்னா? யாரு பன்னிய யாரு கொண்டாந்தா?” என்று கேட்டாள். பின்னால் போதகர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “ஆமா, அந்த வரிக்காரன் கதையிலயும் மொதல்ல வீட்டுக்கு வர்றேன்னுதான் சொல்றாரு, அதுக்கப்பறந்தான் அவன் திருந்துறான்” என்றார். வருஷா வருஷம் அதைப் பிரசங்கம் செய்தவருக்கே அன்றுதான் அது கண்ணில் பட்டது போல இருந்தது. யூகானின் தம்பி தன் பையைத் தார்ப்பாயில் எறிந்துவிட்டுப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்லாதே.

பீசுய் கல்யாண உடுப்போடு, நெசவுத் துண்டு தோளில் புரள, அந்தச் சரிவில் ஏறி வந்து மரத்தடியில் நின்றாள். மூச்சு வாங்கியது. “அக்கா, எறங்கி வா. உன் வீட்டுக்குத்தான் வர்றேன்” என்றாள். அவளே அரிவாளை வாங்கி வைத்துவிட்டு என் கணுக்காலைப் பிடித்துக் கிளையில் வைத்து வைத்து இறக்கினாள்.

நம் வாசல் கல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், முழுவதும் குடித்தாள். நான் எதையெதையோ சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக மனசில் சேர்த்து வைத்திருந்தேன், அழுகைதான் வந்தது. அவள் என்னைத் தொடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், “மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத அக்கா. நெஞ்சுக்குள்ள அப்புடியேதான் கெடக்கு. ஆனா பங்கு கெடக்குது, வீடு இருக்குது, நடுவுல நான் ஒருத்தி நின்னுக்கிட்டு எத்தன நாளைக்குத்தான் வழிய மறைக்கிறது. களச்சுப்போயிட்டேன்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், “அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாரான்னு உனக்குத் தெரியுமா?” தெரியாது, நான் கேட்டதில்லை என்றேன். “கோர்ட்ல எல்லாத்தையும் கேட்டாங்க, எவ்வளவு தூரம், நெலா எந்தப் பக்கம், எந்தக் காலு முன்னாடின்னு. இத ஒருத்தரும் கேக்கல. எனக்குக் கேக்கப் பயம், அதான் உங்க பன்னிய உள்ள விடல. பன்னிய விட்டா உன் மகனும் வருவான், வந்தா கேக்கணும்” என்றாள்.

மகனே, இத்தனை வருஷமாக அவள் வெறுப்பில் படலைச் சாத்தினாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தக் கேள்வியோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதற்குப் பதில் தெரிந்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன், நீ கடல் கடலாக ஓடிக்கொண்டிருக்கிறாய்.

அப்போது உன் அப்பா கொட்டிலிலிருந்து வந்தார். பீசுய்யைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய் இந்த வருஷத்துப் பன்றியை அவிழ்த்து இழுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார். அது வழக்கம் போலக் கத்தியது. பீசுய் காதைப் பொத்திக்கொண்டாள். “மாசிங் அண்ணே, உங்க பன்னிங்க கத்துறதக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது மந்தமாயிருச்சு. இனிமே இழுத்துக்கிட்டு வராதீங்க. அவன் வர்ற அன்னைக்கு எங்கொட்டில்ல இருக்கறத வெட்டறேன்” என்றாள். அப்பாவுக்குப் புரியவில்லை. பட்ட வீடு பன்றி வெட்டுவதை யார் கேட்டிருக்கிறார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, “அப்ப இது?” என்று கேட்டார். “வச்சுக்கங்க, உங்க மகன் கல்யாணத்துக்கு ஆகும். எந்தப் பாவப்பட்ட பொண்ணு வந்து மாட்டப்போறாளோ” என்றாள். அப்பா பன்றியை மறுபடி கட்டப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கொட்டில் சுவரில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

கிளம்பும்போது பீசுய்யிடம் நான் கேட்டேன், அவன் வந்தால் முதலில் உன் காலில் விழுந்து சொல்லட்டும், பிறகு சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளலாமா என்று. அவள், “வேணாம். மொதல்ல சாப்புடட்டும். வெறும் வயித்தோட அதச் சொல்லவும் முடியாது, கேக்கவும் முடியாது. வரும்போது கம்பளி, கடியாரம், அது இதுன்னு ஒண்ணும் தூக்கிட்டு வர வேணாம். வெறுங்கையோட வரச்சொல்லு” என்று சொல்லிவிட்டு மகள் கல்யாணத்துக்கு இறங்கிப் போனாள்.

கறியை மறுநாள் சமைத்தேன். காட்டு மிளகும் உப்பும் மட்டும் போட்டேன், வேறு எதையும் போட்டுக் கெடுக்க மனசில்லை. அப்பா முதல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தார், நல்லாயில்லையா என்றேன், இரு என்றார். உன் பாகத்தைச் சமைக்காமல் எடுத்துவைத்துவிட்டேன். உப்புப் போட்டு, ஆறிய தினைச் சோற்றோடு பிசைந்து, பழைய சாடியில் அடைத்து வாயைக் கட்டியிருக்கிறேன், உனக்குச் சின்ன வயசில் எவ்வளவு பிடிக்கும், ரொட்டிக்குள் வைத்துத் திருடித் தின்பாய். இது குளிர் காலம், கெடாது. வெயில் ஏறினால்தான் புளித்துப்போகும். கல்யாணப் பங்கு சாப்பிட்ட வீடு பெண்ணுக்குச் சொந்த வீடு. நாளைக்கு இவாலின் புருஷன் அவள்மேல் கை வைத்தால் மலையைத் தாண்டிப் போய் ஏன் என்று கேட்க வேண்டியவர்களில் இனி நீயும் ஒருத்தன். அவள் அப்பா போயிருக்க வேண்டிய இடத்துக்கு நீ போக வேண்டும். உனக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று தவித்துக்கொண்டிருந்தாயே, இதைச் செய்.

ஊர் முழுக்கத் திருந்திவிட்டது என்று நினைத்து வராதே. போன ஞாயிறு இரண்டு பேர் நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதில் ஒருத்தி தூங்கிவிட்டாள். யூகானின் தம்பி நம் வாசலைக் கடக்கும்போது காறித் துப்புகிறான், நீ வந்தாலும் துப்புவான், துடைத்துக்கொள். பதூ நேற்று வந்தார், முறைக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் அவன் வந்தால் பெயரை நான்தான் கூப்பிடுவேன், வேறு யாரும் கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பீசுய்யிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். ஒன்றுதான், அவளுக்காக எதையும் நன்றாக்கிச் சொல்லாதே. யூகான் அவள் பெயரைச் சொல்லியிருந்தால் சொல், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதையும் சொல், நீ நின்று கேட்கவே இல்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். அவள் தாங்குவாள். நானும் பக்கத்தில் இருப்பேன்.

ஏஜெண்டு பேனாவை நீட்டும்போது கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல், பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதே, உன்னைப் பார்க்காமல் எனக்கு உண்மையிலேயே முடியவில்லை. வழியில் குடிக்காதே. விமானத்தில் குளிரும், காலுறை இரண்டு போட்டுக்கொள். அப்பா இதை எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார்: போன தடவை ஒரு நாள் பிந்திவிட்டேன், இந்தத் தடவை முந்தியே வந்து நிற்கிறேன், எந்த நாள் என்று மட்டும் கடைக்குப் போன் பண்ணிச் சொல். முடியை இப்போதே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார், நான் திட்டினேன்.

உன் கப்பலுக்கு அடியில் இருக்கிற ஆழத்தையும் உன் மனசுக்குள் இருக்கிற ஆழத்தையும் அறிந்த கர்த்தர் உன்னைக் கையில் ஏந்திக் கரை சேர்க்கட்டும். நீ படுக்கும்போதும் எழும்போதும் என் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், பரிசு ஏதும் வாங்காமல் வர உனக்குக் கூச்சமாக இருக்கும், துறைமுகக் கடையில் எதையாவது தேடிக்கொண்டு நிற்பாய் என்று எனக்குத் தெரியும். வாங்காதே. அவள் சொன்னபடியே வா, வெறுங்கையோடு.

உனக்காகச் சாடியைத் திறக்காமல் வைத்திருக்கும்
உன் அம்மா
அமுய்